எள்ளலும் இடித்துரையும்

பிறர் நம்மைக் குறித்துக் கூறுவனவற்றைப் புகழ்ச்சி, எள்ளல், இடித்துரை என மூவகையாகப் பகுக்கலாம். இவற்றுள் புகழ்ச்சியை ஏற்கும் முறையை ஒருவருக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. அதனை யாவரும் கல்லாமலே அறிவர். ஏனைய இரண்டையும் ஏற்கும் முறையோ முதுமை எய்திய பின்னும் பலர்க்குக் கைகூடுவதில்லை. எள்ளலாவது ஒருவனைச் சிறுமைப்படுத்தி மகிழும்பொருட்டுக் கூறப்படுவது. இடித்துரையாவது ஒருவன் குற்றத்தை அவனுக்கே எடுத்துக்காட்டி, அவன் திருந்தும்பொருட்டுக் கூறப்படுவது. முன்னது பகைமையினின்றும் பின்னது அன்பினின்றும் பிறத்தல் இயல்பு. இவ்விரண்டும் எப்பொழுதும் தனித்தனியே வருமாயின் நமக்கு இடர்ப்பாடு யாதுமில்லை. எள்ளலைப் பொறுத்து, இடித்துரையை ஏற்று, அமைதியாய் இருந்துவிடலாம். ஆனால் உலகியல் அவ்வாறில்லை. எள்ளுவோன் வாயிலும் உண்மை வருகின்றது. அன்புடையோன் வாயிலும் கடுஞ்சொல் வருகின்றது. நெல்லும் பதரும் ஒரே முறத்தில் வந்து விழுகின்றன. கிறிஸ்துவின் அடியான் அவற்றைப் புடைத்துப் பிரிப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப்புகுவது.

இவ்வாராய்ச்சி கலாசாலையிற் பயில்வோர்க்கு மிகவும் வேண்டற்பாலது. பல ஊர்களினின்றும் பல சமயக் குடும்பங்களினின்றும் வந்த இளைஞர் ஒரே விடுதியில் உண்டு உறங்கி ஒரே வகுப்பில் அமர்கின்றனர். கிறிஸ்தவ மாணாக்கன் ஒருவன் இரவிலே தன் கட்டிலருகே முழந்தாட்படியிடுகையில் பக்கத்துக் கட்டிலில் நகைப்பெழக்கூடும். மற்றொருவன் சனிக்கிழமை தேர்விலே அயலான் தாளைப் பார்த்தெழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கையிலும் நகைப்பெழக்கூடும். இரண்டும் நகைப்பே. ஆயினும் முன்னதைப் பொறுத்தல் சிலுவை சுமத்தலாம். பின்னதைப் பொறுத்தலோ நாணம் அற்றுப்போதலாம். இவ்விரண்டிற்கும் ஒரே பெயரிட்டு, விசுவாசத்தினிமித்தம் நிந்தை அடைந்தேன் என்று ஒருவன் தன்னைத் தேற்றிக்கொள்வானாயின், அவன் தன் ஆன்மாவிற்கே கேடு சூழ்கின்றான். குற்றஞ்செய்து அதற்காக அடிபட்டுப் பொறுப்பதில் பெருமை யாதுமில்லை என்றும், நன்மை செய்து பாடுபடும்போது பொறுப்பதே கடவுளுக்கு உகந்ததென்றும் அப்போஸ்தலனாகிய பேதுரு தம் முதலாம் நிருபத்தில் வரையறுத்திருக்கின்றார். எள்ளலுக்கு ஆளாவது தானே ஒருவனைப் பரிசுத்தவானாக்காது. எள்ளுதற்குக் காரணம் யாது என்பதே வினா.

முதற்கண் உண்மை கலவாத எள்ளலை நோக்குவோம். உரோமாபுரியிலே பலத்தீன் என்னும் குன்றின்மேல், பேரரசர் மாளிகையைச் சார்ந்த பழைய கட்டடம் ஒன்று உண்டு. அரண்மனைப் பணிக்குரிய சிறுவர்க்குப் பயிற்சியளித்த இடம் அதுவென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். 1857-ஆம் ஆண்டில் அங்கே அகழ்ந்தபோது, சுவரின் சுண்ணச்சாந்திலே கூரிய கருவியாற் கீறப்பட்ட சித்திரம் ஒன்று வெளிப்பட்டது. சிலுவையில் அறையப்பட்ட ஓர் உருவம் அதிற் காணப்படுகின்றது. அதன் தலை மனிதத் தலையன்று, கழுதைத் தலை. பக்கத்தே ஒருவன் கையை உயர்த்தி வணங்கி நிற்கின்றான். அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வழிபடுகின்றான் என்னும் பொருள்படக் கிரேக்க எழுத்துக்கள் கீழே கோணலாய்ப் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழக் கி.பி. 200-ஐ ஒட்டியதெனப் பெரும்பாலோர் கணிக்கும் இச்சித்திரம், சிலுவைப்பாட்டைக் காட்டுவனவாய் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று. அதனை வரைந்தது அடியவன் கையன்று, எள்ளுவோன் கை என்பது சிந்திக்கத்தக்கது. அக்கட்டடத்தின் வேறோர் அறையிலே அதே பெயர் மீண்டும் காணப்படுகின்றது. அங்கே மற்றொரு கை, அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்று பொறித்திருக்கின்றது. அவ்வளவே. பழித்தவனைத் திரும்பப் பழிக்கும் சொல் ஒன்றேனும் அங்கே இல்லை.

இவ்வகை எள்ளலுக்கு விடை கூற முயல்வது வீண். கழுதைத் தலையை வணங்குவோன் என்று கீறினவன் உண்மையை அறிய விரும்பிக் கீறினானல்லன். ஏறத்தாழ அக்காலத்திலேயே, வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரத்திலும் கழுதைக் காதுகளையுடைய உருவமொன்றை எழுதிக் கிறிஸ்தவருடைய கடவுள் இவரே என்று ஒருவன் காட்டித் திரிந்தான். 197-ஆம் ஆண்டளவில் இதனைக் குறித்தெழுதிய தெர்த்துல்லியன் என்பார், அவ்வுருவையும் அதற்கிட்ட பெயரையும் கண்டு தாமும் தம்மவரும் நகைத்ததாகக் கூறுகின்றார். அவர் சொற்போரில் வல்லவர், எளிதிற் சினங்கொள்பவர். அத்தகையவரே நகைத்து விட்டனரெனின், பொருளற்ற பரிகாசத்திற்கெல்லாம் நாம் முகஞ்சிவந்து நிற்க வேண்டுவதில்லை என்பது பெறப்படும்.

எள்ளலோடு வாதமும் கலந்து வருமிடத்து மௌனம் மட்டும் போதாது. ஏறத்தாழ 178-ஆம் ஆண்டில் செல்சு என்னும் கிரேக்க அறிஞர் கிறிஸ்து மார்க்கத்தைத் தாக்கி நூலொன்று இயற்றினார். கம்பளி நெய்வோரும் செருப்புத் தைப்போரும் ஆடை வெளுப்போருமாகிய கல்லாதவர், கற்றோர் முன்னிலையில் வாய்திறவாது, சிறுவரையும் பெண்டிரையும் தனியே கண்டு மருட்டுகின்றனர் என்று அவர் நகையாடினார். அதனோடு ஆழ்ந்த ஆட்சேபங்கள் பலவற்றையும் எழுப்பினார். எழுபது ஆண்டுகள் கழித்து, ஒரிகேன் என்னும் பேரறிஞர் நண்பரொருவரின் வேண்டுகோளுக்கிணங்கி எட்டுப் பகுதிகளில் விடையெழுதினார். பொய்ச்சான்று கூறுவோர் முன்பு ஆண்டவர் மௌனமாய் நின்றாரென்றும், அவருடைய மெய்யான சீஷரின் வாழ்க்கையே அவருக்காக இன்றும் பேசுகின்றதென்றும் தொடக்கத்திலேயே அவர் எடுத்துரைக்கின்றார். விசுவாசத்தில் தளர்ந்தோர்க்கு உதவும்பொருட்டே அவர் எழுதப்புகுந்தார். எழுதத் தொடங்கிய பின்னரோ, எதிரியின் கூற்றை மறைக்காமல், அவருடைய சொற்களைப் பகுதி பகுதியாக எடுத்து முன்வைத்து விடை கூறினார். செல்சுவின் நூல் பின்னாளில் அழிந்துபோயிற்று. இன்று உலகம் அதனை அறிவதெல்லாம் ஒரிகேன் எடுத்தாண்ட பகுதிகளாலேயே ஆகும். தம்மை எள்ளினவரின் சொல்லை நேர்மையாக எடுத்துக்கூறி, அதனால் அதனை அழியாமற் காத்த இச்செயல், சமய வாதம் புரிவோர் அனைவர்க்கும் வழிகாட்டி. பகைவன் கூற்றைத் திரித்துக் கூறி வெல்வது எளிது. அவ்வெற்றி உண்மைக்கு உரியதன்று.

இனி, எள்ளலும் உண்மையும் பின்னிக் கிடக்குமிடத்தை நோக்குவோம். தாவீது அரசன் தன் மைந்தன் அப்சலோமுக்கு அஞ்சி எருசலேமை விட்டு ஓடுகையில், சவுலின் குடும்பத்தானாகிய சீமேயி என்பவன் வழியிலே எதிர்ப்பட்டுக் கல்லெறிந்து, இரத்தப் பழிகாரன் என்று தூஷித்துக்கொண்டு வந்தான். அவன் தலையை வாங்கிவிடுகின்றேன் என்று அபிசாய் சினந்தெழுந்தான். அரசனோ தடுத்து, அவன் தூஷிக்கட்டும், ஆண்டவரே அவனை அனுப்பியிருக்கலாம் என்னும் கருத்துப்பட மொழிந்தான். இதனைப் பொறுமை என்று மட்டும் கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். ஆனால் இங்கே ஆழ்ந்த பொருள் ஒன்றுண்டு. சீமேயி சாட்டியது சவுலின் வீட்டாருடைய இரத்தப் பழி. சவுலைக் கொல்லும் வாய்ப்பு இருமுறை கிட்டியும் கை நீட்டாதவன் தாவீது. ஆதலின் அப்பழி அவனைச் சாராது. ஆயினும் இரத்தப் பழிகாரன் என்னும் சொல் அவன் செவியில் விழுந்தபோது, உரியாவின் இரத்தம் அவன் நினைவுக்கு வாராதிருந்திருக்குமா? தூஷித்தவன் பொய்யான வழக்கைத் தொடுத்தான். மெய்யான வழக்கொன்று அரசன் நெஞ்சிலே கிடந்தது. எதிரியின் சொல்லில் பிழையுள்ள பகுதியைப் பற்றிக்கொண்டு, தன்னைச் சுடும் பகுதியைத் தள்ளிவிடும் தந்திரத்தைத் தாவீது செய்தானல்லன்.

இவ்வுள்ளம் அவனுக்கு வாய்த்தது எவ்வாறு? முன்னமே ஓர் இடித்துரையை அவன் ஏற்றிருந்தான். ஏழையொருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் கவர்ந்த கதையைக் கூறி, அக்கொடியோன் நீயே என்று நாத்தான் தீர்க்கதரிசி சுட்டிக்காட்டியபோது, தீர்க்கதரிசியைச் சிறையிடும் அதிகாரம் தாவீதுக்கு இருந்தது. அவன் அதனைச் செய்யாமல், தான் பாவஞ்செய்ததை ஒப்புக்கொண்டான். அன்புடையோன் இடித்துரையை ஏற்றுப் பழகிய செவிக்கே, பகைவன் வசைமொழியிலும் பயனுள்ளதைக் கேட்கும் ஆற்றல் உண்டாகும். கடிந்து கூறும் பெரியோர் துணையற்ற வேந்தனை அழிக்கப் பகைவர் வேண்டுவதில்லை, அவன் தானே அழிவான் என்பது வள்ளுவனாரும் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்திற் காட்டிய உண்மையன்றோ.

நம் ஆண்டவருடைய ஒழுக்கம் இவையனைத்திற்கும் மேலானது. சேவகர் அவர் கண்களைக் கட்டி அடித்து, அடித்தவன் யாரென்று ஞானதிருஷ்டியினாற் கூறும்படி பரிகசித்தபோது அவர் வாய்திறவாதிருந்தார். ஆனால் பிரதான ஆசாரியன் முன்னிலையில் காவலன் ஒருவன் அவரை அறைந்தபோது, தாம் தகாததைப் பேசியிருந்தால் அதனை எடுத்துக்காட்டும்படியும், தக்கதைப் பேசியிருந்தால் அறைவது ஏன் என்றும் அவர் வினவினார். இவ்வினாவைப் பலரும் தற்காப்பு என்றே கொள்வர். அதன் முற்பகுதியை உற்று நோக்குமின்: குற்றம் இருப்பின் காட்டுக என்று, அடித்தவனையே அவர் சான்று கூற அழைக்கின்றார். குற்றமேயில்லாதவர் அவ்வாறு அழைத்தாரெனின், குற்றங்கள் நிறைந்த நாம், நம் குற்றத்தைக் காட்ட வருவோனைக் கண்டவுடன் கதவடைப்பது எவ்வாறு பொருந்தும்?

இடித்துரையை ஏற்பதில் ஆதிச்சபையார் நமக்கு இரண்டு மாதிரிகளை வைத்துச் சென்றனர். அப்பொல்லோ என்பவர் வாக்குவல்லவர், வேதாகமங்களில் தேர்ந்தவர். எபேசு நகரத்து ஜெப ஆலயத்தில் அவர் பேசுவதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், அவருடைய அறிவில் குறையிருப்பதை உணர்ந்தனர். இவர்கள் கூடாரத் தொழில் செய்யும் கணவனும் மனைவியும் ஆவர். சபை நடுவே எழுந்து அவரை மறுத்தாரல்லர். தம்மிடத்தில் அழைத்துச் சென்று விளக்கினர். கற்றவர், கைத்தொழிலாளரிடத்தும் அவருள் ஒரு பெண்மணியிடத்தும் பாடங்கேட்டார். இரண்டாவது மாதிரி அந்தியோகியாவில் நிகழ்ந்தது. புறவினத்தாரோடு உடனிருந்து உண்ட பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வரக்கண்டு விலகிக்கொண்டபோது, பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டித்தார். அக்குற்றம் பலர் காண நிகழ்ந்து பலரை இழுத்துச் சென்றமையால், கண்டனமும் பலர் காண நிகழ்ந்தது. பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபத்திலோ பவுல் பிரியமான சகோதரர் என்று குறிக்கப்படுகின்றார். கண்டித்தவரை அவ்வாறு அழைக்கக் கூடியதே கிறிஸ்தவ உறவு.

இந்த அந்தியோகியா நிகழ்ச்சியே, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், பெரியோர் இருவரிடையே பிணக்கிற்குக் காரணமாயிற்று. பெத்லெகேமில் வாழ்ந்த ஜெரோம், அப்போஸ்தலர் இருவரும் பிறர் நன்மைக்காக அவ்வாறு கண்டிப்பதுபோல் நடித்தனர் என்று பொருள் எழுதியிருந்தார். வட ஆப்பிரிக்காவில் இருந்த அகுஸ்தீன், வேதத்தில் நடிப்பும் பொய்யும் உண்டெனக் கொண்டால் எதனை நம்புவது என்று மறுத்து அவருக்குக் கடிதம் எழுதினார். அக்காலத்துத் தபால், ஆள் கையில் செல்வது. கடிதம் உரியவரைச் சேராமல், அதன் பிரதிகள் இத்தாலியாவில் பலர் கைகளில் உலாவின. தமக்கு வந்த கண்டனத்தைத் தமக்குமுன் ஊரார் படித்தனர் என்றறிந்த ஜெரோம் கடுஞ்சினங்கொண்டார். முதியவரைத் தாக்கிப் புகழ்தேடும் இளைஞரோ என்னும் குறிப்புப்படவும் எழுதினார். அகுஸ்தீன் தம் கருத்தை விட்டுக்கொடுத்தாரல்லர்; ஆனால் நேர்ந்த புண்ணுக்கு மன்னிப்பு வேண்டினார்; தம் எழுத்தில் பிழையிருப்பின் திருத்தும்படியும் கேட்டுக்கொண்டார். ஆண்டுகள் பல சென்று அவ்விருவரும் நண்பராயினர். அதே அகுஸ்தீன், தம் முதுமையில், 427-ஆம் ஆண்டளவில், தாம் அதுவரை எழுதிய தொண்ணூற்று மூன்று நூல்களையும் மீண்டும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, திருத்த வேண்டிய இடங்களைத் தாமே குறித்து ஒரு நூல் வெளியிட்டார். புகழின் உச்சியில் நின்ற ஒருவர் தம் நூல்களுக்குத் தாமே பிழைதிருத்தம் எழுதினாரெனின், அதனினும் சிறந்த சான்று வேறு யாது வேண்டும்?

நம் தமிழ்நாட்டு வரலாறும் இவ்வகையில் நமக்கு ஓர் அரிய பாடத்தை வைத்திருக்கின்றது. சீகன்பால்கு ஐயர் 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்துநான்கு. சிறுபிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற அவர், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714, 1715 ஆண்டுகளில் அச்சிட்டார். இதனிடையே, 1712 முதல் 1714 வரை, தமிழர் பலர் சமயம், ஒழுக்கம், வழக்கம் முதலியவற்றைக் குறித்து எழுதிய கடிதங்கள் பலவற்றைப் பெற்று, ஜெர்மன் மொழியிற் பெயர்த்து ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அவை அங்கே அச்சேறின. அக்கடிதங்களில் ஐரோப்பியக் கிறிஸ்தவரைக் குறித்த குறைகூறல்கள் பல உள. மதுவருந்துதல், ஆவின் ஊன் உண்ணுதல், தூய்மை பேணாமை ஆகியவற்றைக் காட்டி, இவர்கள் எமக்கு எதனைக் கற்பிக்கப் போகின்றனர் என்னும் கருத்து அவற்றிலே ஒலிக்கின்றது. அவற்றுட் சில, வழக்க வேறுபாட்டால் எழுந்தவை. சில, மறுக்கலாகாத உண்மை. தம் கூட்டத்தாரைப் பழிக்கும் அச்சொற்களை அனுப்பாது விட்டிருப்பினும் ஒருவரும் அறிந்திரார். அவர் அனுப்பினார், ஐரோப்பியர் அவற்றைப் படித்தனர்.

அம்முதல் மொழிபெயர்ப்போ வேறொரு திசையினின்று எள்ளலுக்கு உட்பட்டது. தேம்பாவணியின் ஆசிரியராகிய வீரமாமுனிவர், 1728-ஆம் ஆண்டில் இயற்றிய வேத விளக்கம் என்னும் நூலில், லுத்தர் சபையாரின் தமிழை மிகக் கடுமையாக நகையாடினார். லுத்தர் சபையார் மறுப்பு வெளியிட்டனர். முனிவர் அதனையும் மறுத்தார். இருதிறத்தாரும் ஒரே ஆண்டவரைத் தொழுவோர். இருதிறத்தாரும் தமிழர்க்கு நற்செய்தி கூற வந்தோர். எனினும் சொற்கள் அம்புகளாயின. அவ்வெள்ளலில் சபைப்பகை இருந்தது. ஆனால் அதனுள் உண்மையும் இருந்தது: பேச்சுவழக்கைக் கேட்டுப் பயின்ற அயல்நாட்டார், முதன்முறையாகத் துணிந்து செய்த மொழிபெயர்ப்பில் நடைச்சீர் குறைவாயிருத்தல் இயற்கையே.

அவ்வுண்மைக்குச் சரியான விடை மறுப்பு நூல்களால் கிடைத்ததன்று. லுத்தர் சபையைச் சேர்ந்த பப்ரிசியு ஐயர், சென்னை வேப்பேரியில் பல்லாண்டுகள் உழைத்து, மொழிபெயர்ப்பைப் புதுக்கி, 1772-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அவருக்குப் பின் இரேனியு ஐயர் திருத்தினார். பின்னர், பவர் ஐயர் தலைமையில் பல சபையார் கூடித் திருத்திய பதிப்பு 1871-இல் வெளிவந்தது. நம் பாட்டனார் பாட்டியார் மனப்பாடமாகச் சொல்லிய வசனங்கள் பெரும்பாலும் அப்பதிப்பினுடையவையே. அதன் பின்னும் திருத்தும் வேலை நின்றதில்லை. 1995-ஆம் ஆண்டில், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒருங்கமர்ந்து செய்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வெளிவந்தது. வீரமாமுனிவரின் சபையாரும் சீகன்பால்கு ஐயரின் சபையாரும் ஒரே மேசையைச் சுற்றியமர்ந்து, இச்சொல் பொருந்துமா, அச்சொல் பொருந்துமா என்று ஆராய்ந்தனர். இருநூற்று அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன் எள்ளலாய்ப் பிறந்தது, இறுதியில் கூட்டுத்திருத்தமாய் முடிந்தது. வேதத்தையே மீண்டும் மீண்டும் திருத்தி எழுதுகின்றனரே என்று சிலர் குறைகூறுவர். கடவுளின் வார்த்தை திருத்தம் வேண்டுவதன்று. அதனைத் தாங்கும் நம் சொற்களே திருத்தம் வேண்டுவன. இவ்வேறுபாட்டை அறிந்தவன் தன் பிரசங்கத்தையும் தன் ஒழுக்கத்தையும் பிறர் திருத்த இடங்கொடுப்பான்.

இவ்விடத்தில் மறைக்கலாகாத மற்றொன்றையும் கூறவேண்டும். எள்ளப்பட்டவர் மட்டுமல்லர் கிறிஸ்தவர், எள்ளினவரும் ஆவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் அச்சகங்களினின்று வெளிவந்த துண்டுப் பிரசுரங்கள் சிலவற்றில், சைவரும் வைணவரும் போற்றும் தெய்வங்களும் வழிபாடுகளும் இழித்துரைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் ஐயர் நடத்திய விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர். அவர் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1854-இல் சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார். ஆசரிப்புக்கூடாரத்திலே விளக்கும் தூபமும் பலியும் இருந்தன என்று உங்கள் வேதமே கூறுகையில், எங்கள் ஆலயத்திலுள்ளவற்றை நீங்கள் எள்ளுவது எங்ஙனம் பொருந்தும் என்பது அந்நூலின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. விவிலியத்தை ஊன்றிப் படித்த ஒருவரின் இடித்துரை அது. தமக்கு எவ்வாறு செய்யப்பட விரும்புகின்றாரோ அவ்வாறே பிறர்க்கும் செய்க என்னும் ஆண்டவர் கட்டளையைக் கைக்கொண்டிருப்பின், அவ்விடித்துரைக்கு இடமே ஏற்பட்டிராது. தன் வழிபாடு எள்ளப்படும்போது நெஞ்சு நோகும் ஒருவன், அயலான் வழிபாட்டைக் காணும்போது நாவடக்கம் உடையனாதல் வேண்டும். தன் விசுவாசத்தை எடுத்துரைப்பது வேறு. பிறன் பக்தியை நகைப்பது வேறு.

மேற்கூறியவற்றினின்று பெறப்படும் முறைகளைச் சுருங்கத் தொகுப்போம். ஒரு சொல் நம்மைச் சுடும்போது, கூறியவன் யார், எந்த நோக்கத்தோடு கூறினான் என்னும் வினாக்களே முதலில் எழுகின்றன. அவற்றை இரண்டாவதாக்கி, அது மெய்யோ என்னும் வினாவை முதலாவதாக்குதல் வேண்டும். மெய்யாயின், கூறியவன் பகைவனாயினும் நமக்கு ஆசிரியன்; அவனுக்கு நன்றி கூறுதல் நலம்; கூற நா எழாவிடினும் திருந்துதல் கடமை. பொய்யாயின், அதனால் இழுக்கடைவது யாது என்று அடுத்து வினவுக. நம் பெருமைதான் இழுக்கடையுமெனின், மௌனமே தக்க விடை. உண்மையோ, எளியவன் ஒருவனோ இழுக்கடையுமெனின், சாந்தத்தோடு பேசுதல் வேண்டும். பைத்தியக்காரன் என்று பெஸ்து தேசாதிபதி உரத்துக் கூறியபோது, பவுல் அவனை மரியாதையோடு விளித்து, தாம் சொல்வது சத்தியமும் தெளிந்த புத்தியுமுள்ளது என்று விடையளித்தமை இதற்கு எடுத்துக்காட்டு.

விடை கூறுமுன் ஓரிரவு கழிதல் நலம். கடிதமாயின் அதனை எழுதி வைத்துவிட்டு மறுநாட் காலையில் மீண்டும் படிக்க வேண்டும். முதல்நாள் கூர்மையாகத் தோன்றிய சொல் மறுநாள் கொடுமையாகத் தோன்றும். இடித்துரை கூறும் நிலையில் நாம் நிற்கும்போதோ, ஆண்டவர் கற்பித்தவாறு முதலில் தனித்திருக்கையில் கூறுதல் வேண்டும். பிரசங்கியார் ஒருவர் இலக்கண வழுப்படப் பேசினாரென்று விடுதியில் அவர் குரலைப் போல நடித்துக் காட்டுவோன், தமிழை வளர்ப்பவனுமல்லன், சபையைத் திருத்துபவனுமல்லன். அவரிடம் சென்று வணக்கத்தோடு இரண்டு சொற்களைக் குறித்துக் கொடுப்பவன், இரண்டையும் செய்கின்றான்.

ஒன்று மட்டும் ஐயமின்றிக் கூறலாம். எள்ளலுக்கு அஞ்சித் தன் விசுவாசத்தை மறைப்பவனும், இடித்துரைக்கு அஞ்சித் தன் குற்றத்தை மறைப்பவனும் இருவரல்லர், ஒருவனே. இருவகையிலும் அவன் மனிதருடைய கண்களுக்கே அஞ்சுகின்றான். கடவுளுடைய கண்களுக்கு முன் நிற்பதை அறிந்தவனோ, எள்ளலாற் குன்றுவதுமில்லை, இடித்துரையாற் கசப்பதுமில்லை. தன் மதிப்பு பிறர் வாயில் இல்லை என்பதை அவன் அறிவான். இக்கலாசாலையை விட்டுச் செல்லும் மாணாக்கர் பலர், நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் அதிகாரிகளாகவும் சபை மூப்பராகவும் அமர்வர். உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவனைச் சுற்றி எள்ளல் முதுகுப்புறத்தில் மட்டும் நிகழும். இடித்துரையோ மெல்ல மெல்ல நின்றுபோகும். புகழ்ச்சி ஒன்றே செவிக்கு எட்டும். அக்காலத்தில் தம் குற்றத்தைத் தம் முகத்துக்கு நேரே கூறும் ஒரு நண்பரையேனும் பெற்றிருத்தல் பெரும்பேறு. அத்தகைய நண்பரைத் தேடிக்கொள்ளும் காலம் இம்மாணாக்கப் பருவமே; அவர் கூறுவதைக் கேட்கும் செவியைப் பழக்கிக்கொள்ளும் காலமும் இதுவே.